அலிபாகனைப் பிறப்பிடமாகக் கொண்டவர்

“உன் ஊரில் எத்தனை வீடு?”

வந்த மூன்றாம் நாள் றெமெடியோஸ் அப்படிக் கேட்டபோது பெர்னடெற் திணறிப்போனாள். கேட்ட ஆங்கிலம் விளங்காமல் இல்லை. பதின்மூன்று வயதில் மன்னார்ப் பேசாலையை விட்டு வந்தவள் அவள். அந்த ஊரின் வீடுகளை ஒருவரும் எண்ணி அவள் பார்த்ததில்லை.

“நிறைய,” என்றாள். அதைச் சொல்வதற்குள் காது இரண்டும் சூடாகிவிட்டன.

“நிறைய என்பது எண் இல்லையே,” என்று றெமெடியோஸ் சிரித்தாள். “எங்கள் ஊரில் அறுபத்து மூன்று.”

அது எண்பத்தெட்டாம் ஆண்டு மார்ச் மாதம். கோலியர்ஸ் வுட்டில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் குசினியில் இருவரும் நிலத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெட்டி நிறையத் தலைக்கிளிப்புகள். கிழமைக்கு இரண்டு தரம் ஒரு வான்காரன் பெட்டியை வாசலில் இறக்கிவிட்டுப் போவான். ஆறு ஆறாக அட்டையில் குத்தி வைத்தால் திரும்ப வந்து எடுத்துப் போவான். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து பெர்னடெற்றுக்கு அதுதான் வேலை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்ன ஒரு நாள் அவளுக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பின்வாங்கில் இருந்த ஒருத்தி மீனைப்போல வாயைத் திறந்து மூடிக் காட்ட, வகுப்பே சிரித்தது. அன்று பையை எடுத்துக்கொண்டு வந்தவள் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கடிதங்கள் வந்தன. பதினாறு வயதானதும் அவையும் நின்றுவிட்டன.

றெமெடியோஸைக் கண்டுபிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தது அம்மா அஞ்சலீனாதான். மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை நடக்கும் கோயிலில், கடைசித் தூணுக்குப் பின்னால், வீட்டுச் செருப்போடு ஒரு பிலிப்பைன்காரி முழந்தாளில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அம்மா பூசை முடியுமட்டும் பொறுத்திருந்து கிட்டப் போய் விசாரித்தாள். வளைகுடா நாட்டுப் பணக்காரக் குடும்பம் ஒன்று வேலைக்காரியாக லண்டனுக்குக் கொண்டுவந்திருக்கிறது. பாஸ்போட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். படுக்கை குசினி மேசைக்குக் கீழே. ஒரு காலை குப்பைப் பையை வெளியே வைக்கப் போனவள், வைத்துவிட்டுத் திரும்பாமல் அப்படியே நடந்துவிட்டாள்.

“மற்றப் பிலிப்பைன் சனம் போற கோயிலுக்கு ஏன் போகேல்லை?” என்று அம்மா கேட்டாளாம். அங்கெல்லாம் அந்த வீட்டார் படத்தைக் காட்டித் தேடுகிறார்கள் என்றாளாம் இவள். தமிழ்ப் பூசையில் ஒருவரும் தேடமாட்டார்கள். ஒரு சொல் விளங்காவிட்டாலும் பூசை பூசைதான்.

“பேர் என்னெண்டு கேட்டன். றெமெடியோஸாம்,” என்று அம்மா அன்றைக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். “எங்கட பேசாலையில றெமீடியஸ் எண்டு ஒரு சம்மாட்டி இருந்தவர். மூண்டு வள்ளம், இவ்வளவு பெரிய மீசை. இவளைக் கூப்பிடேக்க எல்லாம் எனக்கு அந்த மீசைதான் கண்ணுக்கு முன்னால வருது.”

ஆனால் சிரித்த அதே அம்மா, அன்றே முன்கதவுச் சங்கிலிக்கு ஒரு கூடுதல் ஆணி அடித்தாள். அகதி வழக்கு ஹோம் ஆபீசில் மூன்று வருடமாகக் கிடந்தது. அது நல்லபடி முடிந்தால்தான் மன்னாரில் இருக்கும் அப்பாவைக் கூப்பிடலாம். பாஸ்போட் இல்லாத ஒருத்தியை ஒளித்து வைத்திருப்பது தெரியவந்தால் என்ன ஆகும் என்று அம்மா யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமலே இருந்தால் நல்லது என்று நினைத்திருக்க வேண்டும். வாசல் மணி அடித்தால் றெமி மாடிக்கு ஏறிவிட வேண்டும், ரெலிபோனைத் தொடக்கூடாது, யன்னல் சீலையை விலக்கக்கூடாது. மூன்று கட்டளைகள். றெமி மூன்றையும் விரல் மடித்துச் சொல்லிக் காட்டினாள்.

அப்படி அடைந்து கிடந்த நாட்களில்தான் அலிபாகன் குசினி நிலத்தில் உருவாகியது.

றெமி கிளிப்புகளைப் பரப்பி ஊரை வைத்துக் காட்டுவாள். நீலக் கிளிப்புகள்தான் ஆற்று நீர். அது ஊரை மூன்று பக்கம் சுற்றி வளைந்து ஓடியது. மழைக்காலத்தில் நாலாம் பக்கமும் தண்ணீர் வந்துவிடும், அப்போது எருமை முதுகில் ஏறித்தான் வெளியே போகலாம். மேல்கரையில் ஒன்பது வெள்ளைக் கிளிப்புகள். சொந்தக் காணி உள்ளவர்கள். கீழ்க்கரையில் மிச்சம் ஐம்பத்து நாலும் கறுப்பு. அவர்கள் பட்டணத்தில் இருக்கும் ஒருவருடைய வயலைச் செய்கிறவர்கள். அறுவடை நாளில் அவருடைய ஆள் வந்து மூட்டைகளுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பான். ஊருக்கு ஒரே ஒரு குழாய்க் கிணறு. வருடத்தில் பாதி அது பழுது. பள்ளிக்கூடத்தில் இரண்டு அறை, நாலு வகுப்பு; ஒரே வாத்தியார் இந்த அறையில் கணக்கைக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்கு ஓடுவார். கோயில் உண்டு, பாதர் இல்லை. அவர் மாதத்துக்கு ஒருமுறை வருவார், ஆறு பெருகினால் அதுவும் இல்லை.

“இந்தப் பதினொன்றும் என்ன?” என்று பெர்னடெற் ஒரு நாள் கேட்டாள். சில கறுப்புக் கிளிப்புகளை றெமி கவிழ்த்து வைத்திருந்தாள்.

“தகரக் கூரை வீடுகள். மகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள். மற்றவை ஓலை.”

“உன் வீடு?”

“இன்னும் ஓலைதான். நான்தான் ஓடி வந்துவிட்டேனே.”

ஓலை வீட்டிலும் ஒரு நன்மை இருக்கிறது என்றாள் றெமி. ஆறு கரையை அரித்துக்கொண்டு வரும்போது வீட்டையே தூக்கிக்கொண்டு போய்விடலாம். கீழே மூங்கில்களைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, இருபத்தாறு ஆண்கள் தோள் கொடுத்தால் வீடு எழும்பிவிடும். ஒருமுறை அவளுடைய சித்தி, அடுப்பில் சோறு கொதிக்கிறது, இறங்கமாட்டேன் என்று உள்ளேயே இருந்துவிட்டாள். அவளையும் பானையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் அவள் யன்னலால் தலையை நீட்டி, ஆட்டாதீர்கள், ஆட்டாதீர்கள் என்று ஏசிக்கொண்டு போனாள். புது இடத்தில் வீட்டை இறக்கியபோது சோறு வெந்திருந்தது. தூக்கியவர்களுக்கு அதைத்தான் போட்டாள்.

பெர்னடெற் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சத்தம் போட்டுச் சிரித்ததை அம்மா கேட்டு வெகுகாலம்.

நாற்று நடும் நாளில் பெண்கள் பின்பக்கமாக நடந்து நடுவார்கள், வரம்பில் ஒரு ஆள் கிற்றார் வாசிப்பான், பாட்டு வேகமானால் கையும் வேகமாகும். அந்தக் கிற்றார் வாசிப்பவர்தான் றெமியின் அப்பா பொன்சியானோ. வயசாகிக் குனிய முடியாமல் போனதும் அந்த வேலையைக் கொடுத்தார்களாம். “கெட்டிக்காரர். ஆனால் களைத்தால் மெதுவாக வாசிப்பார். ஊர் முழுக்க அன்றைக்கு நடவு பிந்தும்.” றெமியின் எட்டு வயது மகள் அவரோடும் தங்கை தெரெசித்தாவோடும் இருந்தாள்.

ஒரு விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் றெமி குரலைத் தாழ்த்தினாள். அவள் புறப்பட்டு வருவதற்கு முந்திய வருடம் ஆமிக்காரர்கள் தாள்களோடு ஊருக்கு வந்தார்கள். வீடு வீடாகப் போய் எண்ணினார்கள். எத்தனை பேர், என்ன பேர், ஒரு நேரத்துக்கு எத்தனை சுண்டு அரிசி போடுகிறீர்கள். ஆட்களுக்கு மிஞ்சின அரிசி வேகும் வீட்டில், காட்டில் இருக்கும் போராளிகளுக்குச் சோறு போகிறது என்று அர்த்தம். மேல்கரையில் ஒரு பெடியன் மட்டும் ஒளிக்கத் தெரியாமல் உண்மையைச் சொன்னான். அவன் வீட்டை அவர்கள் எரித்தார்கள்.

“அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் நாங்கள் ஐம்பது வீடு என்போம். உனக்குத்தான் அறுபத்து மூன்றும் சொன்னேன்.”

பெர்னடெற் அந்த ஊரைக் கோலியர்ஸ் வுட்டை விட நன்றாக அறிந்தாள். ஒரு வீட்டைத் தவறான கரையில் வைத்தால் றெமிக்கு முன் அவளே எடுத்து மாற்றி வைப்பாள்.

ஓகஸ்ட் நடுவில் கடிதம் வந்தது. றெமிக்கு வரும் கடிதங்கள் எல்லாம் கோயில் பாதரின் விலாசத்துக்குத்தான் வரும். அம்மா வாங்கி வந்து கொடுப்பாள். நடவு நாளில், வரம்பில் கிற்றாரோடு உட்கார்ந்திருந்த பொன்சியானோ அப்படியே பக்கவாட்டில் சரிந்தாராம். களைத்துப்போய் நிறுத்திவிட்டார் என்று நினைத்துப் பெண்கள் சிரித்தார்களாம். அடக்கம் முடிந்து மூன்று கிழமை ஆகியிருந்தது.

றெமி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினாள். அவர்களுடைய ஊரில் நாற்பதாம் நாள் பெரிது, அன்றைக்குத்தான் ஆத்துமா வீட்டை விட்டுப் போகும் என்பார்கள். நாற்பதாம் நாள் மாதத்தின் கடைசி ஞாயிறில் விழுந்தது. தமிழ்ப் பூசை நடக்கும் ஞாயிறு.

“அவருக்காகப் பூசைக்கு ஒப்புக்குடுப்பம்,” என்றாள் அம்மா. “செபமாலைமுத்து அண்ணையிட்டச் சொன்னால் பாதரிட்டச் சொல்லுவார்.”

செபமாலைமுத்து ஊரில் தபாற்கந்தோரில் இருந்தவர். இங்கே பெற்றோல் நிலையத்தில் வேலை. அவரிடம் ஒரு தமிழ்த் தட்டச்சு இயந்திரம் இருந்தது. லண்டனின் தென்பாதியில் எந்த மன்னார்க்காரர் செத்தாலும், அங்கே ஊரில் எந்த உறவு செத்தாலும், மரண அறிவித்தலும் முப்பத்தோராம் நாள் அறிவித்தலும் அவர் கையால்தான் அடிபடும். செய்தி கேட்டு அன்று பின்னேரமே வந்துவிட்டார். அம்மா ஆஸ்பத்திரியில் துணி தோய்க்கும் லோன்றிக்கு வேலைக்குப் போயிருந்தாள். றெமி மேலே படுத்திருந்தாள். குசினி மேசையில் அவரும் பெர்னடெற்றும்.

“அண்ணை, மாமா எண்டு இத்தினை பேர் உங்கட வீட்டுக்கு வாறம். ஒரு நோட்டீஸ் இல்லாமல் பூசையோ? அந்தப் பிள்ளை அந்தரத்தில கிடக்குது. நாங்கள்தானே அதுக்குச் சனம்,” என்றார். “சொல்லு பாப்பம். எந்த ஊர்?”

“அலிபாகன்.”

“பிறப்பிடமும் வதிவிடமும் அதுதானோ? நல்லது. பெண்சாதி?”

“லூசியா. செத்துப்போனா.”

“காலஞ்சென்ற லூசியாவின் அன்புக் கணவரும்...” அவர் வாய்க்குள் சொல்லியபடி எழுதினார். “பிள்ளையள்?”

“றெமெடியோஸ், லண்டன். தெரெசித்தா, அலிபாகன்.”

“ஊரைப் பற்றி இரண்டு வரி போட்டால் வடிவாயிருக்கும். ஒருத்தருக்கும் தெரியாத ஊரெல்லே.”

பெர்னடெற் இரண்டு வரியோடு நிற்கவில்லை. வகுப்பில் வராத குரல் அன்றைக்கு எங்கிருந்தோ வந்தது. ஆறு, இரண்டு கரை, கிற்றார், மூங்கிலில் தூக்கும் வீடு, இருபத்தாறு ஆண்கள், அறுபத்து மூன்று வீடுகள் எல்லாவற்றையும் சொன்னாள். செபமாலைமுத்து பேனையை வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

“அட, நீ கதைப்பியே! உன்ர கொம்மா நீ ஊமையெண்டெல்லோ சொல்லிக்கொண்டு திரியிறா.” பிறகு, “தகவலுக்கு ஆர்? விலாசமும் ரெலிபோனும் வேணும்.”

அங்கேதான் அவள் ஒரு கணம் நின்றாள்.

“போடத்தான் வேணுமோ, மாமா? அவ ஒளிச்செல்லே இருக்கிறா.”

“தகவல் இல்லாத நோட்டீஸ் மொட்டைக் கடுதாசி பிள்ளை. துக்கம் விசாரிக்க சனம் எங்க வாறது? நான் என்ன இங்கிலீசிலயோ அடிக்கிறன்? தமிழில அடிக்கிறன். எங்கட சனத்தைத் தவிர லண்டனில ஆர் இதை வாசிக்கப் போகினம்?”

அது அவளுக்கும் சரியாகவே பட்டது. இந்த நாட்டில் தமிழ் எழுத்து என்றால் சுவருக்குள் வைத்த மாதிரித்தான். வீட்டு இலக்கத்தைச் சொன்னாள், தெருவைச் சொன்னாள், ரெலிபோன் நம்பரைச் சொன்னாள். றெமிக்குச் சொல்லவில்லை. பூசையில் திடீரென்று கண்டு சந்தோஷப்படட்டும் என்று நினைத்தாள்.

ஞாயிறு பூசையில் பாதர் தமிழுக்கு நடுவே “பொன்சியானோ” என்று சொன்னபோது றெமி சடாரென்று நிமிர்ந்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பூசை முடிந்து தெரியாத பெண்கள் எல்லாம் வந்து அவளைக் கட்டிப் பிடித்தார்கள். செபமாலைமுத்து கதவடியில் நின்று கறுப்புக் கரை போட்ட தாள்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெர்னடெற் ஒன்றை வாங்கி வந்து றெமியின் கையில் வைத்தாள்.

றெமி அதை முத்தமிட்டாள். விரலை வரிகளில் ஓடவிட்டாள். அந்த எழுத்துகளில் ஒன்றும் அவளுக்கு வாசிக்க வராது. கடைசி வரியில் விரல் நின்றது. எண்களை அவளால் வாசிக்க முடிந்தது. வீட்டு இலக்கம். ரெலிபோன் நம்பர்.

“இது ஏன் இங்கே இருக்கிறது?”

“எங்கள் வழக்கம். தகவலுக்கு.”

“இதற்குப் பக்கத்தில் இருப்பது என் பேரா?”

“ஓம்.” பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. றெமிக்கு அந்த ஒரு சொல் தெரியும்.

“எத்தனை தாள்?”

“நூற்றைம்பது.”

றெமி தாளை நாலாக மடித்தாள். கோட்டின் கழுத்துப் பட்டியைத் தூக்கி விட்டுக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் வெளியேறினாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பெர்னடெற்றின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “என்னடி செய்து வைச்சிருக்கிறாய்? மிச்ச நோட்டீஸ் எங்க? எங்கெங்க குடுத்தவராம்?” ரெலிபோனில் கேட்டபோது செபமாலைமுத்து பெருமையாகச் சொன்னார்: ரூட்டிங்கில் ஆறு தமிழ்க் கடைகளில் சனிக்கிழமையே கொண்டுபோய் வைத்தாகிவிட்டது.

அடுத்த நாள் திங்கள் விடுமுறை, கடைகள் மட்டும் திறந்திருந்தன. அம்மாவும் மகளுமாக ஒவ்வொரு கடையாக ஏறினார்கள். மரக்கறி வாங்குவது போல நின்று, கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த தாள்களை அள்ளிப் பைக்குள் வைத்தார்கள். ஐந்து கடைகளிலும் ஒன்றும் குறையவில்லை போலத்தான் இருந்தது. ஆறாவது கடையில் கல்லாவில் இருந்தவர் சிரித்தார்.

“அக்கா, ஏன் எடுக்கிறியள்? நேற்று ஒரு ஐயா விழுந்து விழுந்து வாசிச்சவர். பிலிப்பைன்காரருக்குத் தமிழ் நோட்டீஸோ எண்டு ஆளுக்குச் சரியான ஆச்சரியம். ஒண்டை மடிச்சுக் கொண்டு போனவர்.”

“ஆர் அவர்?” என்றாள் அம்மா.

“இந்தியாக்காரர். மெட்ராஸ் பக்கம். ஆரோ அரபிக்காரரிட்டக் கிளார்க்கா இருக்கிறாராம். மாதத்தில ஒருக்கால் கோப்பித்தூள் வாங்க வாறவர். பெரிய காரில வருவார்.”

வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மா, மரக்கறி வாங்கினதாக நடித்த கடையொன்றில் உண்மையாகவே வாங்கிவிட்ட ஒரு கட்டு வல்லாரையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அன்று பின்னேரம் ரெலிபோன் இரண்டு தரம் அடித்தது. பெர்னடெற் எடுத்தாள். மறுபக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது, பிறகு வைத்துவிட்டார்கள். செவ்வாய் மூன்று தரம். தெருவில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் குசினியில் இரண்டு பேருடைய கையும் ஒரே நேரத்தில் நின்றது. அட்டையில் குத்தும்போது பெர்னடெற்றின் பெருவிரல் கிழிந்து இரத்தம் வந்தது. றெமி அதைத் துணியால் சுற்றிக் கட்டினாள். கட்டி முடிந்ததும் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பெர்னடெற்றுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

புதன் மத்தியானம் வாசல் மணி அடித்தது. அம்மா வேலையில். றெமி சத்தமில்லாமல் படியேறிப் போனாள். மேலே அலுமாரிக் கதவு திறந்து மூடியது கேட்டது.

பெர்னடெற் சங்கிலியை மாட்டியபடி கதவைத் திறந்தாள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். சாம்பல் நிறக் கோட்டு, நெற்றியில் மெல்லிய ஒரு சிவப்புக் கோடு. கையில் கறுப்புக் கரை போட்ட தாள்.

“நமஸ்காரம்மா. பேரு சேஷாத்ரி. உள்ளே வரலை, இங்கேயே நின்னு பேசறேன். றெமெடியோஸ் இருக்காளா?”

“இல்லை.”

“இந்த அட்ரஸ்தானே போட்டிருக்கு?”

“இருந்தவ. போயிட்டா.”

“எப்போ?”

“ஞாயிற்றுக்கிழமை.”

“எங்கே?”

“தெரியாது.” ஒவ்வொரு சொல்லும் வெளியே வருவதற்கு முன் தொண்டையில் ஒருமுறை இடறியது. ஆனால் வந்தது.

அவர் தாளைப் பிரித்தார். “யாரும்மா எழுதினது? ரொம்ப நன்னா இருக்கு. இருபத்தாறு பேர் சேர்ந்து வீட்டைத் தூக்குவாங்களாமே? படிச்சிட்டு என் சம்சாரத்துக்கு மெட்ராசுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.” உண்மையாகவே சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளை இன்னும் பயமுறுத்தியது. “அந்தப் பொண்ணு மூணு வருஷம் எனக்குக் காப்பி கொடுத்திருக்கா. அவளுக்கு இப்படி ஒரு ஊர் இருக்குன்னே எனக்குத் தெரியாது.”

“அவ இல்லை,” என்றாள் பெர்னடெற் மறுபடியும்.

“சரிம்மா, இல்லை. நான் சொல்றதை மட்டும் கேளு. அவளா திரும்பி வந்துட்டா ஒண்ணும் இல்லை. வரலைன்னா தங்கச் சங்கிலி திருடிட்டு ஓடிட்டான்னு போலீஸ்ல எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க.”

“அவ களவெடுக்கேல்லை!”

“எனக்குத் தெரியும். அந்தச் சங்கிலி பீரோவிலதான் இருக்கு. ஆனா எழுதிக் கொடுக்கப்போறது நான்தானே. என் விசாவும் அவங்க கையிலதான் இருக்கு.” குரல் ஏறவே இல்லை. கதவு இடுக்கு வழியாக அவர் பார்வை உள்ளே போனது. குசினி வாசலில் இரண்டு தேத்தண்ணிக் கோப்பைகள் ஆவி பறந்துகொண்டிருந்தன. அவர் பார்த்தார், பார்த்ததைச் சொல்லவில்லை. “உங்க அம்மா கேஸ் இன்னும் முடியலைன்னு கடையில சொன்னாங்க. இதெல்லாம் அவங்களுக்கு நல்லதில்லைம்மா. நாளைக்குப் பத்து மணிக்கு வரேன். தனியா வரமாட்டேன்.”

அவர் தாளை மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு போனார். பெர்னடெற் கதவைச் சாத்திவிட்டு அதிலேயே முதுகைச் சாய்த்து நிலத்தில் இறங்கினாள். தலையைத் தூக்கியபோது படியின் மேல் முனையில் றெமி உட்கார்ந்திருந்தாள்.

“அந்தக் குரல் எனக்குத் தெரியும்,” என்றாள் றெமி. “என்ன சொன்னார்?”

பெர்னடெற் எல்லாவற்றையும் சொன்னாள். சங்கிலியை, போலீசை, பத்து மணியை. இரண்டு கோப்பைகளையும் அவர் கண்டதை. அம்மாவின் வழக்கைப் பற்றிச் சொன்னதை மட்டும் விழுங்கப் பார்த்தாள். றெமி, “உன் அம்மாவைப் பற்றி?” என்று கேட்டாள். அதையும் சொன்னாள்.

அம்மா ஆறு மணிக்கு வந்தாள். கோட்டைக் கழற்றாமலே குசினிக் கதிரையில் உட்கார்ந்து கேட்டாள். கேட்டு முடிந்ததும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

“கொப்பர் மூண்டு வருசமா அங்க செத்துச் செத்துப் பிழைச்சுக்கொண்டிருக்கிறார், பிள்ளை. இந்தக் கேஸ் போச்செண்டால் அவரும் இல்லை, நாங்களும் இல்லை.”

“அப்ப இவவை என்ன செய்யிறது? குடுக்கிறதோ?”

“குடுக்கச் சொல்லி ஆர் சொன்னது?”

“அப்ப இருக்கட்டுமோ?”

“இருக்கச் சொல்லவும் என்னால ஏலாதடி!” அம்மா மேசையில் அடித்தாள். “போகச் சொல்லவும் வாய் வரேல்லை, இருக்கச் சொல்லவும் வாய் வரேல்லை. ஏனடி அந்த விலாசத்தைக் குடுத்தனீ? உனக்குத் தெரியும்தானே? எனக்குத் தெரியாட்டிலும் உனக்கு எல்லாம் தெரியும்தானே?”

அவளுக்குத் தெரியும். ஆமிக்காரரின் தாளைப் பற்றி, உண்மை சொன்ன பெடியனைப் பற்றி, எரிந்த வீட்டைப் பற்றி அந்த வீட்டில் றெமியைத் தவிர அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

றெமி அடுப்பருகே நின்று இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ் அவளுக்குத் தெரியாது. பிறகு அம்மாவின் முன்னால் ஒரு கோப்பை தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி ஒன்றிரண்டு ஆங்கிலச் சொல்தான், அதையும் அவர்கள் அன்றைக்குப் பாவிக்கவில்லை.

வியாழன் காலை ஏழு மணிக்கு நல்ல வெளிச்சம். பெர்னடெற் எழுந்து வந்தபோது றெமி புறப்பட்டு நின்றாள். அம்மாவின் பழைய பச்சைக் கோட்டு, அம்மாவின் சப்பாத்து, ஒரு பிளாஸ்ரிக் பை. அம்மா பாணைத் துண்டு போட்டுத் தாளில் சுற்றி அந்தப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். வைத்தவள் இருவரையும் பார்க்காமல் பின்வளவுக்குப் போய்விட்டாள்.

“எங்கே போகிறாய்?” என்று பெர்னடெற் கேட்டாள்.

றெமி சப்பாத்து நாடாவைக் குனிந்து கட்டினாள்.

“ஆரிட்டப் போறாய் அக்கா? கன்னியாஸ்திரி மடத்துக்கா? நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். சத்தியமாகச் சொல்லமாட்டேன்.” ஆங்கிலமும் தமிழும் கலந்து வந்தது. “என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போ.”

றெமி நிமிர்ந்தாள். பெர்னடெற்றின் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருக்கிறதா என்று பெர்னடெற் அந்தக் கண்களில் தேடினாள், இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். றெமியின் உதடு ஒருமுறை பிரிந்தது. பிறகு அதை மூடிக்கொண்டு, சங்கிலியைக் கழற்றிக் கதவைத் திறந்தாள். படலையில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ரியூப் ரயில் நிலையத்துப் பக்கம் போகவில்லை. மற்றப் பக்கம் திரும்பி, பையை மார்போடு அணைத்தபடி, ஓடாமல், வேகமாக நடந்து, மூலையில் திரும்பிப் போனாள்.